கரண்டியா, சேறா?

அன்புள்ள ஐயா,
போன ஞாயிறு காலை பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்தில், தண்ணீர் வற்றும்போது தலைகாட்டும் திட்டில் உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகளின் கூட்டம். அதில் ஒன்றுக்கு மட்டும் அலகு நுனி அகன்றிருந்தது. கரண்டிமூக்கு உள்ளான்தானே? படகிலிருந்து எடுத்த படம் இணைப்பில். பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் ஏற்றலாமா?
- ஒரு வாசகர், புவனகிரி

அன்புள்ள நண்பருக்கு,

இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். படத்திலிருப்பது கொசு உள்ளான் என்றே நினைக்கிறேன். சேற்றைக் குத்தித் தின்னும் பறவையின் அலகு நுனியில் சேறு உருண்டு ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் பார்த்தால் அச்சு அசல் கரண்டிதான். நிஜக் கரண்டியோ மேலும் கீழுமாகத் தட்டையானது. பக்கவாட்டில் அநேகமாகத் தெரியாது, பறவை நம்மை நேராகப் பார்க்கும்போதுதான் அகலம் தெரியும். உங்களுடையது பக்கவாட்டுப் படம். அதில் கரண்டி இவ்வளவு பளிச்சென்று தெரிவதுதான் இடிக்கிறது.

உருவத்தை நம்ப முடியாது. கொசு உள்ளான் 12 முதல் 14 செ.மீ., கரண்டிமூக்கு 14 முதல் 16. இரண்டுக்கும் கால் கறுப்பு. குளிர்கால இறகில் கரண்டிமூக்குக்கு நெற்றியும் முகமும் கூடுதல் வெள்ளை, ஆனால் வெயிலில் எல்லாமே வெள்ளைதான். (பெரிய வெள்ளைக் கரண்டிவாயன் வேறு பறவை, பெயரால் குழம்புகிறவர்கள் உண்டு.) மேய்ச்சலைப் பாருங்கள். கொசு உள்ளான் ஓடி ஓடி டக் டக்கென்று கொத்தும். கரண்டிமூக்கு ஆழமில்லாத தண்ணீரில் அலகை வைத்து இடமும் வலமுமாகத் துழாவும். இரண்டு நிமிட வீடியோ போதும். சேறு என்றால் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் கழுவிப்போய்விடும்.

காலையில் போனதும் தவறு. நம் கரையில் காலைச் சூரியன் கடல் பக்கம். ஆற்றுப் பக்கம் படகில் இருப்பவருக்குப் பறவை வெறும் நிழல்தான், சேறும் அலகும் ஒன்றாகிவிடும். கடல் பக்கம் சுற்றிப் போகலாமே என்று தோன்றும், முகத்துவார அலையில் அது வேண்டாம். பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்துக்குள் தண்ணீர் ஏறும் நாளாகப் பாருங்கள். தண்ணீர் ஏறி வற்றும் ஓத நேரம் தினம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், அப்படிச் சில நாள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரும். தண்ணீர் ஏறுவதற்கு முன்பே நங்கூரம் போட்டுவிட்டு அசையாமல் இருங்கள். திட்டு சுருங்கச் சுருங்கக் கூட்டம் தானே உங்கள் பக்கம் நகரும். இறங்கி நடந்தால் மொத்தமும் எழும்பிவிடும். சைபீரியாவுக்குத் திரும்பிப் போகச் சேர்த்த கொழுப்பு வீணாகும்.

காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வண்ணப் பட்டை இருந்தால் எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், எழுத்து என்ன என்று உடனே குறித்துக்கொள்ளுங்கள். நேர்முகப் படம் கிடைத்தால் வெட்டாமல், வெளிச்சம் கூட்டாமல் அப்படியே அனுப்புங்கள்.