கார்டு கையில் இருக்கும்போதே ஏடிஎம்மில் பணம் போனால் திரும்பக் கிடைக்குமா?

கார்டு உங்கள் பர்ஸிலேயே இருக்க, நேற்று ராத்திரி யாரோ ஏடிஎம்மில் 20,000 ரூபாய் எடுத்துவிட்டார்கள், வங்கியில் போய்க் கேட்டால் "பின் நம்பரை யாரிடமாவது சொல்லியிருப்பீர்கள்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வார்த்தையை 2018-இல் எங்கள் அப்பாவிடமும் சொன்னார்கள்.

அப்பா கும்பகோணத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி 11:54, 11:56, அப்புறம் 12:03, 12:05. நாலு தடவை, தடவைக்கு 10,000. எடுத்த இடம் டெல்லி. நள்ளிரவை ஒட்டி எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 12 மணி தாண்டித் தேதி மாறிவிட்டால் மறுநாளுக்கான வரம்பையும் சேர்த்து எடுத்துவிடலாம். விடிந்து எஸ்எம்எஸ்ஸைப் பார்த்தபோது ஒரு மாத பென்ஷனுக்கு மேல் போயிருந்தது.

அப்போது அவரிடம் இருந்தது சிப் இல்லாத பழைய கார்டு. கார்டு செருகும் வாயின் மேல் அதே நிறத்தில் ஒரு கருவியை ஒட்டிவிட்டால், கார்டின் பின்னால் உள்ள கறுப்புப் பட்டையில் இருப்பதெல்லாம் அதில் பதிவாகிவிடும், அதை வைத்துப் போலிக் கார்டு செய்துவிடுவார்கள். எண்களை அழுத்துவதை மேலே ஒளித்து வைத்த குட்டி கேமரா பார்த்துக்கொள்ளும். யாரிடமும் எதையும் சொல்லாமலே பின் நம்பர் போய்விடும்.

பணம் போனதைவிட அந்த ஒரு வார்த்தைதான் அப்பாவை உடைத்தது. பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு, "நான் யாரிடமும் சொல்லலைப்பா" என்று என்னிடமே திரும்பத் திரும்பச் சொன்னார். தப்பே செய்யாத மனிதர் பெற்ற பிள்ளையிடம் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

எங்களைக் காப்பாற்றியது ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, வெளியாள் செய்த மோசடி என்றால், பணம் போனதாக வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் வரக்கூடாது. நாலிலிருந்து ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்கில் பணம் எடுத்த ஒவ்வொரு தடவைக்கும் அதிகபட்சம் 10,000 வரை நாம் ஏற்க வேண்டிவரும். புகார் கொடுத்த 10 வேலை நாளில் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். முக்கியமாக, தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான். இந்த வரியை அச்செடுத்து அடிக்கோடிட்டு மேலாளரின் மேஜையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் புகாரையே வாங்கிக்கொண்டார்கள். எட்டாவது வேலை நாளில் 40,000 வரவாகியிருந்தது.

ஆனால் அப்பா அதன்பிறகு ஏடிஎம் பக்கமே போகவில்லை. 71 வயதில் பணம் எடுக்கும் சீட்டை எழுதிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்.

உங்களுக்கு இன்னும் இரண்டு வேலை நாள் இருக்கிறது. முதலில் கார்டை முடக்குங்கள், சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். சரி, நாளைக்குப் போகலாம் என்று தள்ளாதீர்கள். இன்றைக்கே கிளைக்குப் போய், அந்த நேரத்தில் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள், கார்டு யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்து எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை போடாமல் அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.