நாலு ஆங்கில ஆசிரியர்களுக்கு ரேங்க் போடச் சொல்கிறார் தாளாளர்

கேள்வி: உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் இந்த ஆண்டுதான் தலைமை ஆசிரியை ஆனேன். என் பாடம் கணிதம். எங்களிடம் நான்கு ஆங்கில ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேர்ச்சி விகிதத்தைப் பார்த்து அவர்களை வரிசைப்படுத்தித் தரும்படி தாளாளர் கேட்கிறார். மூத்த ஆசிரியையின் பத்தாம் வகுப்பு வருஷா வருஷம் நூறு சதவீதம். ஆனால் அந்தப் பிள்ளைகளால் பெயரையும் ஊரையும் தாண்டி ஒரு வரி ஆங்கிலத்தில் சொல்ல முடிவதில்லை. இளைஞர் ஒருவருடைய வகுப்பு சந்தைக்கடை மாதிரி இரைகிறது, மார்க்கும் சுமார். நான் போய் உட்கார்ந்தால் எல்லாருமே நாடகம் போடுகிறார்கள். என் ஆங்கிலமும் அப்படி ஒன்றும் பிரமாதம் இல்லை. நான் எப்படி இவர்களை எடைபோடுவது? (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: முதலில் அந்த ரேங்க் பட்டியலை ஒத்திப் போடுங்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலம் நூறு மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு, முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. மனப்பாடப் பாடலையும் கைடில் உள்ள கேள்வி பதில்களையும் உருப்போட்டவன் வாயே திறக்காமல் அந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். போதாததற்கு, 'ஏ' பிரிவு யாருக்கு, 'டி' பிரிவு யாருக்கு என்று ஜூன் மாதம் டைம்டேபிள் போடும்போதே பாதி ரிசல்ட் முடிவாகிவிடுகிறது. இது உங்களுக்கே தெரியும். அந்த நூறு சதவீதம் பொய் என்று நான் சொல்லவில்லை. பரீட்சைக்குத் தயார்செய்யும் திறமையை அது காட்டுகிறது. நீங்கள் கேட்பது வேறொன்றை.

சரி, மார்க்கை விட்டுவிட்டு ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாமா? அதுவும் சரிவராது. அமெரிக்காவில் 2009-இல் தொடங்கி கேட்ஸ் அறக்கட்டளை சுமார் மூவாயிரம் ஆசிரியர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. ஒருவர் ஒரே ஒரு பாடத்தைப் பார்த்துத் தரும் மதிப்பீடு நம்பத்தக்கதல்ல என்பது அதில் தெளிவாக வந்த முடிவுகளில் ஒன்று. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு நாளில் பார்க்க வேண்டும். மாணவர்களைக் கேட்க வேண்டும். அதே பிள்ளைகள் ஆண்டின் தொடக்கத்தில் எங்கே இருந்தார்கள், முடிவில் எங்கே வந்தார்கள் என்பதையும் சேர்க்க வேண்டும். அவ்வளவு பணமும் ஆளும் வைத்திருந்தவர்களுக்கே அப்படி என்றால், நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டு நாம் எந்த தைரியத்தில் ரேங்க் போடுவது?

உங்கள் ஆங்கிலம் சுமார் என்பது இங்கே பெரிய குறை இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது ஆசிரியரின் உச்சரிப்பை அல்ல, பிள்ளைகளை. ஒரு தாளில் வகுப்பின் பெஞ்சுகளை வரைந்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளை சொந்தமாக ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால் அந்த இடத்தில் ஒரு கோடு. எல்லாரும் சேர்ந்து 'எஸ் மிஸ்' என்று கத்தினால் அது தனிக் கணக்கு, ஓரத்தில் குறியுங்கள். கால் மணி நேரத்தில் அந்தத் தாள் பேச ஆரம்பித்துவிடும். முன்பெஞ்சு மூன்று பேரிடம்தான் எல்லாக் கோடும் இருக்கிறதா, ஜன்னல் ஓரத்து வரிசை முழுக்க வெறுமையா என்று கண்ணுக்குத் தெரியும். பி.எட். படித்தபோது, வகுப்பில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று பிரித்துக் காட்டும் ஃப்ளாண்டர்ஸின் பத்து வகைப் பகுப்பை மனப்பாடம் செய்திருப்பீர்கள், மூன்று நொடிக்கு ஒருமுறை குறிக்க வேண்டிய அந்த அட்டவணை. அவ்வளவு பாடுபட வேண்டாம். ஆசிரியர் எவ்வளவு பேசுகிறார், பிள்ளைகள் எவ்வளவு பேசுகிறார்கள் என்ற ஒரு கணக்கை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எத்தனை நொடி காத்திருக்கிறார்? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் அறிவியல் வகுப்புகளில் இதை அளந்தார். சராசரியாக ஒரு நொடிதான்! அதற்குள் ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுவார், அல்லது அடுத்த பிள்ளைக்குத் தாவிவிடுவார். மூன்று நொடி பொறுத்தால் பதில்கள் நீண்டன, சும்மா இருந்த பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். அதுவும் சொந்த மொழியில் பதில் சொன்ன பிள்ளைகள். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் வார்த்தை தேடுகிற நம் பிள்ளைக்கு அதைவிட அதிகமாகவே நேரம் வேண்டும்.

இளைஞரின் வகுப்பு இரைச்சலைப் பற்றி உடனே முடிவு கட்டாதீர்கள். கிட்டே போய்க் காது கொடுங்கள். கிரிக்கெட் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருந்தால் அது இரைச்சலேதான். உடைந்த ஆங்கிலத்திலாவது இருவர் ஒரு விஷயத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தால் நீங்கள் தேடுவது அங்கேதான் இருக்கிறது. ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ஆராய்ந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்ப் பள்ளிகளில் இதைத்தான் செய்து பார்த்தார். இலக்கணத்தைத் தனியாக நடத்தாமல், வரைபடம், ரயில் கால அட்டவணை மாதிரியானவற்றைக் கொடுத்து, கணக்குப் போடுவதுபோல் பதில் கண்டுபிடிக்க வைத்தார். பொருளைத் தேடும் மும்முரத்தில் மொழி தானாக வரும் என்பது அவர் கட்சி. கணித ஆசிரியையான உங்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த இளைஞரின் பிள்ளைகள் நோட்டையும் வாங்கிப் பாருங்கள். எல்லாருடைய நோட்டையும்தான். நாற்பது காம்போசிஷன் நோட்டிலும் ஒரே கட்டுரை, ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை இருந்தால், எழுதியது பிள்ளைகள் அல்ல, கரும்பலகை. பிழையே இருந்தாலும் பிள்ளை தானாக எழுதிய நாலு வரி அதைவிட மேல். வகுப்பில் தமிழ் பேசியதற்காகவும் எந்த ஆசிரியருக்கும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடாதீர்கள். ஒரு சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லிவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு வந்துவிட்டால் அது நேர மிச்சம். ஒவ்வொரு வரியையும் தமிழாக்கி முடித்து மணி அடித்துவிட்டால்தான் பிரச்சினை.

நாடகம் நிற்க வேண்டுமானால் நீங்கள் அடிக்கடி போக வேண்டும், கொஞ்ச நேரம் மட்டும் இருக்க வேண்டும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கே பத்து நிமிடம் பேசுங்கள். முதலில் அவர் பேசட்டும்: "எப்படிப் போச்சு மிஸ்? நீங்க நினைச்சது நடந்துச்சா?" அப்புறம் உங்கள் பெஞ்சுத் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஒன்பது குறை சொல்வதைவிட ஒரே ஒரு மாற்றம் பேசி, மூன்று வாரம் கழித்து அதை மட்டும் பாருங்கள். இந்தத் தாள் எதுவும் பணிக்கோப்புக்குள் போகாது என்று வாக்குக் கொடுத்துக் காப்பாற்றவும் வேண்டும். தாமதமாக வருவது, நோட்டே திருத்தாமல் விடுவது போன்றவை கடமைத் தவறுகள். அவற்றுக்கு மெமோ இருக்கிறது. இரண்டையும் குழப்பினால் நம்பிக்கை போய்விடும்.

ஸ்டாஃப் ரூமில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு: ஆசிரியரின் சொந்த ஆங்கிலம். தமிழ் வழியில் படித்து, ஷேக்ஸ்பியரையே கைடு வைத்துத் தேறி பி.ஏ. வாங்கிய பலருக்கு ஆங்கிலத்தில் பேச வாய்ப்பே கிடைத்ததில்லை. இது அவர்கள் குற்றமல்ல. பயிற்சிக்கு அனுப்பினால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மதராஸ் மாநிலத்தில் 27,000 ஆங்கில ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தரும் பெருமுயற்சி ஒன்று நடந்தது. பயிற்சி பெற்றவர் மற்றவருக்கு, அவர் அடுத்தவருக்கு என்று பனிப்பந்துபோல் உருட்டிப் பெரிதாக்கும் திட்டம். இந்த முறையில் உள்ள சிக்கல், கடைசிப் பள்ளிக்கு வருவதற்குள் பந்து கரைந்துவிடுவது. இன்றும் ஒருவர் பயிற்சிக்குப் போய் வந்து, மற்றவர்கள் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போடுவதோடு கதை முடிகிறதல்லவா?

அதைவிட, நாலு பேருக்கும் வாரத்தில் ஒரு பீரியட் சேர்ந்தாற்போல் ஒழித்துக் கொடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு சின்னக் கதையை வாய்விட்டுப் படித்துப் பேசட்டும். மாதம் ஒரு பாடத்தைச் சேர்ந்து தயாரித்து, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிக்கட்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் வழக்கம் இது. அந்த நேரத்தில் அவர்கள் வகுப்புகளை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். ஒன்றுக்கு நீங்களே போங்கள்.

மூத்த ஆசிரியையிடம் பத்தாம் வகுப்பில் போய்க் கை வைக்காதீர்கள். பொதுத்தேர்வு பயத்தில் அவர் எதையும் மாற்ற மாட்டார். ஆறாம் வகுப்பு ஒன்றைக் கொடுத்து, பீரியடில் பத்து நிமிடம் பிள்ளைகள் பேசட்டும் என்று மட்டும் கேளுங்கள். நோட்டு திருத்துவதிலும் தேர்வுக்குத் தயார்செய்வதிலும் அவரிடம் அந்த இளைஞர் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதை அவர் முன்னாலேயே சொல்லுங்கள்.

தாளாளருக்கு ஏதாவது எண் காட்டியாக வேண்டுமே! ஆறிலிருந்து எட்டு வரை, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியை இப்போது ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்லி, புரிந்ததா என்று இரண்டு கேள்வி கேட்டுப் பதிவுசெய்யுங்கள். ஆண்டு முடிவில் அதே தரத்தில் வேறொரு பத்தி. பிள்ளைகள் எவ்வளவு நகர்ந்தார்கள் என்பதைக் காட்டுங்கள். அப்போதும் ரேங்க்தான் வேண்டும் என்றால், பெஞ்சு வரைந்த வெற்றுத்தாள் ஒன்றை அவரிடம் கொடுத்து, ஒரு பீரியட் கடைசிப் பெஞ்சில் உட்காரச் சொல்லுங்கள்.