பஸ்ஸில் போகும் பதினெட்டு மணி நேரம்

கை வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, குன்னூரிலிருந்து ஓய்வுபெற்ற தையல் டீச்சரின் பதில்கள்

டீச்சர், எனக்கு வயது 34. கட்டபெட்டுக்குப் பக்கத்துக் கிராமம். ஊட்டியில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கினால் இரவு ஏழே முக்காலுக்குத்தான் திரும்புகிறேன். நடை, பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பயணம் எல்லாம் சேர்ந்து தினமும் மூன்று மணி நேரம் ரோட்டிலேயே போகிறது. வாரத்துக்கு ஆறு நாள்.

எங்கள் வீட்டில் கரியன் என்று ஒரு நாட்டு நாய், ஒன்பது வயது. போன மார்கழியில் அவன் நடுங்குவதைப் பார்க்க முடியாமல் ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போட்டேன். போட்டோவைப் பார்த்துவிட்டு, கடையில் கூட வேலை செய்கிற நாலு பேர் தங்கள் நாய்களுக்கும் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு பாதியில் நிற்கிறது, இரண்டு தொடங்கவே இல்லை. இரவு சாப்பிட்டு உட்கார்ந்தால் ஊசியைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறேன். பஸ்ஸில் வீணாகும் பதினெட்டு மணி நேரத்தில் பின்னினால் வாரம் ஒன்று முடித்துவிடலாமே என்று கணக்குப் போடுகிறேன். ஆனால் வளைவு வந்தால் தலை சுற்றுகிறது. வீட்டுக்காரர், ‘இதையெல்லாம் விட்டுத் தொலை’ என்கிறார். விட மனசில்லை. என்ன செய்யட்டும்?

— பெயர் வேண்டாம், கட்டபெட்டு

கண்ணு, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பதினெட்டு மணி நேரக் கணக்கை நானும் வருஷக்கணக்காகப் போட்டிருக்கிறேன். குன்னூரில் வீடு, ஊட்டியில் பள்ளிக்கூடம், 26 வருஷம் போக வர. காலையில் முடிந்தபோதெல்லாம் ரயில், சாயந்திரம் பஸ்.

ரயிலில் என்னால் பின்ன முடிந்தது. ஏற்றத்தில் வண்டி வழுக்காமல் பிடித்து ஏற்றும் பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மட்டும்தான். குன்னூருக்கு மேலே, 1908-இல் ஊட்டி வரை நீட்டிய பாதையில், சாதாரணத் தண்டவாளம். வண்டி ஆடினாலும் ஒரே சீராக ஆடும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் இத்தனை வரிசை என்று மனசில் வைத்துக்கொண்டு பின்னுவேன். சாயந்திரம் பஸ்ஸில் பின்னியதை மட்டும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரிப்பேன். எங்கேயாவது ஒரு கண்ணி நழுவியிருக்கும். பத்து வரிசை பின்னி எட்டு வரிசை பிரித்தால் அது என்ன கணக்கு?

தலை சுற்றுவது உங்கள் உடம்பின் குறை இல்லை. காதுக்குள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு வண்டி திரும்புவதைச் சொல்கிறது. மடியில் இருக்கும் ஊசியையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். கட்டபெட்டிலிருந்து தொட்டபெட்டா வழியாக ஊட்டி போகிற ரோட்டில் நேரான இடம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் சொல்கிறேன். ஒரு சாயந்திரம் அரவங்காடு தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்து, டிரைவர் பிரேக் போட்டார். கையிலிருந்த இரும்பு ஊசி என் இடது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. இரண்டு வாரம் துணியை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. வலியைவிட என்னை உலுக்கியது பக்கத்து சீட். அங்கே மடியில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அன்றோடு பஸ்ஸில் ஊசி எடுப்பதை விட்டேன். நீங்களும் எடுக்க வேண்டாம்.

அந்தப் பதினெட்டு மணி நேரம் உங்கள் கையில் இருக்கும் நேரம் இல்லை, கண்ணு. அது உங்கள் சம்பளத்துக்காக ஏற்கனவே கொடுத்துவிட்ட நேரம். அதைத் திரும்பவும் செலவு செய்யப் பார்ப்பதால்தான் இவ்வளவு அசதி. காலையில் ஜன்னலோரம் கிடைத்தால் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். சாயந்திரம் கண்ணை மூடுங்கள். உட்கார இடம் கிடைத்து, கை சும்மா இருக்க மாட்டேன் என்றால், பழைய பனியன் துணியைக் கிழித்து எடுத்துப்போய் ஜடை மாதிரிப் பின்னுங்கள். ஊசியும் வேண்டாம், குனிந்து பார்க்கவும் வேண்டாம், விரலுக்கே தெரியும். மூன்று பட்டை, ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம், இரண்டு முனையிலும் கெட்டி முடிச்சு. கரியன் கடித்து இழுக்க ஒரு கயிறு ஆயிற்று. நூல் பிரிய ஆரம்பித்ததும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பின்னிக்கொள்ளலாம்.

இனி அந்த நாலு ஸ்வெட்டர். நடுத்தர நாய் ஒன்றுக்கு, கழுத்திலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 50 சென்டிமீட்டர் முதுகு என்றால், என் கைக்குப் பதினைந்து மணி நேரம் பிடிக்கும். நீங்கள் என்னைவிட வேகம் என்றே வைத்துக்கொண்டாலும், நாலும் சேர்ந்தால் ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாது. தொடங்காத இரண்டுக்கும் திங்கட்கிழமையே போய், ‘என்னால் இந்த வருஷம் முடியாது, மன்னிச்சுக்குங்க’ என்று சொல்லிவிடுங்கள். நூல் வாங்கிக் கொடுத்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். பாதியில் நிற்கும் இரண்டில், எந்த நாய்க்கு வயது அதிகமோ அதை முதலில் முடியுங்கள். மாதம் ஒன்று, அதற்கு மேல் வாங்காதீர்கள். முகம் சுளிப்பார்கள் என்று பயப்படுகிறீர்கள். இரண்டு நாளில் சரியாகிவிடும். முடியாத வேலையை அலமாரியில் வைத்துக்கொண்டு தூங்குவதுதான் சரியாகாது.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயத்தைக் காணவில்லை. கரியன் இரவில் எங்கே படுக்கிறான்?

இதைக் கேட்பதற்குக் காரணம் என் மணி. அவனும் நாட்டு நாய்தான், 14 வயது வரை இருந்தான். பன்னிரண்டாவது வயதில் அவனுக்குக் கழுத்துப் பட்டை, காலுக்குத் தனி ஓரம், முதுகில் இரண்டு கலர் கோடு என்று ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். போட்டுவிட்டால் அசையாமல் நிற்பான், கழற்றியதும் ஓடிவிடுவான். அதே வாரம், முழங்கை கிழிந்து நான் நாற்காலியில் போட்டிருந்த பழைய ஸ்வெட்டரை இழுத்துக் கீழே போட்டு அதன்மேல் சுருண்டு தூங்கினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்குக் குளிர் ஏறிக்கொண்டிருந்தது சிமெண்டுத் தரையிலிருந்து. மேலே எவ்வளவு பின்னிப் போட்டாலும் அடிவயிறு தரையில்தானே கிடக்கிறது?

அதனால் முதலில் படுக்கை தையுங்கள். இரண்டு ஞாயிறு போதும். பீரோவில் கிடக்கும் பழைய ஸ்வெட்டர்களை எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இழையை உருவி, தீக்குச்சியில் காட்டுங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அசல் கம்பளி. உருகிக் கெட்டியாக மணி மாதிரி உறைந்தால் அக்ரிலிக். கம்பளியை வெந்நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கசக்குங்கள். சுருங்கித் தடித்துப் போகும், வெட்டினால்கூட நூல் பிரியாது. அதுதான் மேல் விரிப்பு. அக்ரிலிக் இப்படிச் சுருங்காது, அதைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே அடைக்கலாம், நனைந்தாலும் சீக்கிரம் காயும். பருத்திப் பஞ்சு வேண்டாம். ஆடி மழையில் ஈரம் இழுத்தால் நம் ஊரில் அது எப்போது காய்வது? பூஞ்சை பிடித்துவிடும்.

உறைக்குப் பழைய ஜீன்ஸ் அல்லது சாக்கு. கரியன் காலை நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கிலிருந்து வால் அடிவரை அளந்து, ஒரு சாண் கூட்டிக்கொள்ளுங்கள். தலையணை உறை மாதிரி வாயை மடித்து விடுங்கள். ஜிப், பட்டன், கொக்கி எதுவும் வேண்டாம், கடித்து விழுங்கிவிடுவான். உறை மட்டும் இரண்டு தையுங்கள், ஒன்று அடுப்புப் பக்கத்தில் காயும்போது இன்னொன்று. நாலு செங்கல் வைத்து அதன்மேல் ஒரு பலகை போட்டு, படுக்கையை அதில் விரியுங்கள். அடைக்கும் துணியில் நீங்கள் உடுத்தி ஓய்ந்த சட்டை ஒன்றையும் சேர்த்து வையுங்கள். பகல் முழுக்க நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் வாசனையாவது அவன் பக்கத்தில் இருக்கட்டும்.

அந்தப் பலகை வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும். திண்ணையிலோ, கொட்டகையிலோ கட்டிப்போட்டால் சிறுத்தைக்கு நாமே பரிமாறி வைத்த மாதிரி. கோத்தகிரிப் பக்கத்து ஆளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இதற்குப் பிறகும் விடிகாலையில் நடுங்கினால் ஸ்வெட்டரைப் போடுங்கள். உங்கள் கண் முன்னால் இருக்கும்போது மட்டும். நனைந்தால் உடனே கழற்றுங்கள். ஈர ஸ்வெட்டர், ஸ்வெட்டரே இல்லாததைவிட மோசம். கழுத்திலும் மார்பிலும் இரண்டு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும். படுக்கை, ஸ்வெட்டர் எல்லாம் இருந்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் அது குளிர் இல்லை. ஒன்பது வயது ஆகிறது, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக, எந்த நேரத்தில் எந்த வேலை என்பது. தோடர் பெண்களின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக, வரைந்து வைத்துக்கொள்ளாமல், துணியின் இழைகளை எண்ணி எண்ணியே போடுகிற தையல் அது. ஒரு மந்தில், அதாவது தோடர் குடியிருப்பில், வயதான அம்மா ஒருவர் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் இறங்கியதும் மடித்து வைத்துவிட்டார். ‘ஏன்’ என்று கேட்டதற்கு, ‘நாளைக்கும் வெளிச்சம் வரும்’ என்றார். அவர் அளவுக்குக் கை பழகியவரே அப்படி. அளப்பது, வெட்டுவது, கண்ணி எண்ணுவது எல்லாம் ஞாயிறு காலைக்கு. வாரநாள் இரவில் எண்ண வேண்டாத நேர்ப் பின்னல், அதுவும் இருபது நிமிஷம், அதுவும் கரியன் காலடியில் படுத்திருந்தால். கொட்டாவி வந்தால் அந்த வரிசையை முடித்துவிட்டு வைத்துவிடுங்கள். நடு வரிசையில் நிறுத்தினால் கண்ணி கழன்றுவிடும். வீட்டுக்காரரிடம், ‘விடவில்லை, குறைத்திருக்கிறேன்’ என்று சொல்லுங்கள். செங்கல்லையும் பலகையையும் அவரையே கொண்டுவரச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் வெள்ளை ஸ்பிட்ஸ். ஸ்வெட்டர் போட்டால் அழகாக இருக்கிறது என்று மகள் ஆசைப்படுகிறாள். போடலாமா? — லவ்டேல் வாசகர்

வேண்டாம். அதற்குப் பிறந்தபோதே இரண்டு அடுக்கு ரோமம் இருக்கிறது. மேலே ஸ்வெட்டர் போட்டால் சூடு தாங்காது, ரோமமும் சிக்குப் பிடிக்கும். மகளுக்குப் பின்ன ஆசை என்றால் விரிப்புப் பின்னச் சொல்லுங்கள்.

பூனைக்கு உல்லன் நூல் பந்து கொடுக்கலாமா? குட்டி விளையாடுவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. — கூடலூர் வாசகி

தயவுசெய்து கொடுக்காதீர்கள். பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டைப் பக்கம் திரும்பியவை. நூல் ஒட்டினால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் தெரியும். உள்ளே போன நூல் குடலைச் சுருக்குப் பை மாதிரி இழுத்துவிடும், ஆபரேஷன் வரை போகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது, அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். விளையாட, கெட்டித் துணியில் கோழி முட்டை அளவுக்கு ஒரு பந்து தைத்து, தையலை உள்பக்கம் மறைத்துக் கொடுங்கள். நூல் கூடையை மூடி வையுங்கள்.

ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. நேரம் நிறைய இருக்கிறது, பின்னத் தெரியாது. எங்கள் தெரு நாய்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருக்கிறது. — அரவங்காடு வாசகர்

ஐயா, ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தால் போதும். நம் பக்கம் பனிமூட்டத்தில் கறுப்பு நாய் ரோட்டில் படுத்திருந்தால் வண்டிக்காரர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு விரல் அகலப் பருத்தி நாடாவில் ஒளி பட்டால் மின்னும் பட்டையை வைத்து, நான்கு ஓரமும் கையால் தையுங்கள். அதைக் கழுத்தில் கட்டிவிடுங்கள், இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வாக. உங்களிடம் பழகிய, வளர்ந்த நாய்களுக்கு மட்டும். குட்டிக்குக் கட்டினால் கழுத்து பெருக்கும்போது நாடா சதையில் அறுத்துவிடும். மாதம் ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள், நைந்திருந்தால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். கட்டப் போகும் முன் உங்களுக்கான வெறிநாய்த் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.