எரியாத ஏர்பேக் லைட்டையும் நம்பாதீர்கள்

கேள்வி: ஃபோர் வீல் டிரைவ் ஜீப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் பார்த்து வைத்திருக்கிறேன். மணலிலும் சேற்றிலும் நன்றாக ஓடிய வண்டி. மீட்டரில் ஏர்பேக் லைட் அணையாமல் எரிகிறது. "தூசி போயிருக்கும், வேறொன்றுமில்லை, ஸ்கேனர் போட்டு அழித்துத் தருகிறேன்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: லைட் அணையும்வரை அதை ஏர்பேக் இல்லாத வண்டியாகவே நினைத்துப் பேரம் பேசுங்கள். மோதினால் பை விரியும் என்று அந்த நிலையில் யாரும் உறுதி தர முடியாது.

தூசி என்று அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. "தூசிதானே" என்று அவர் சொல்கிற தொனிதான் இடிக்கிறது. ஸ்டியரிங் இரண்டு பக்கமும் பல சுற்றுச் சுற்றுகிறது. அதன் நடுவில் மடித்து வைத்திருக்கும் பைக்கு மின் இணைப்பு அறுந்துவிடாமல் போக வேண்டும். அதற்காக ஸ்டியரிங்குக்குப் பின்னால் நாடா போன்ற தட்டைக் கேபிளைச் சுருட்டி வைத்திருப்பார்கள். கடிகாரத்து வில்லைப் போலச் சுருண்டிருப்பதால் மெக்கானிக்குகள் அதை கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். உள்ளே புழுதி புகுந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் உரசி உரசி ஒருநாள் அறுந்துபோகும். ஜீப் ராங்ளரில் இதுதான் நடந்தது. கூரையையும் கதவையும் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று சொல்லியே விற்ற வண்டி அது. அப்படி ஓட்டினால் புகும் புழுதி கிளாக் ஸ்பிரிங்கைக் கெடுக்கலாம் என்று 2007 முதல் 2010 வரையிலான மாடல்களை 2016இல் ரீகால் செய்தார்கள், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனமே திரும்ப அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 3.9 லட்சம் வண்டிகள்.

இதை நீங்களே ஓரளவு பார்த்துவிடலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பி ஹார்ன் அடியுங்கள். பிறகு மறு பக்கம் திருப்பி அடியுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஹார்னுக்கும் ஸ்டியரிங் பட்டன்களுக்கும் இணைப்பு அதே நாடா வழியாகத்தான் போகிறது. ஒரு பக்கம் ஒலித்து மறு பக்கம் ஊமையானால் கிளாக் ஸ்பிரிங் மேல்தான் முதல் சந்தேகம்.

அடுத்து சீட்டை முன்னே தள்ளிவிட்டுக் குனிந்து பாருங்கள். மஞ்சள் உறை போட்ட வயர்கள் தெரிந்தால் அவை பெரும்பாலும் ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் போகிறவை. கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலோ கார்பெட்டுக்கு அடியில் வண்டல் கோடு போட்டிருந்தாலோ வண்டி தண்ணீரில் இறங்கியிருக்கலாம். பல வண்டிகளில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் முன் சீட்டுகளுக்கு நடுவே, தரையை ஒட்டித்தான் இருக்கும். அது நனைந்த வண்டி என்று தெரிந்தால் நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

"அழித்துத் தருகிறேன்" என்பது எனக்கு வயிற்றைக் கலக்குகிற பேச்சு. கோளாறு சரியாகாவிட்டால் அழித்த லைட் திரும்ப எரியும். அது எரியக்கூடாது என்று நினைப்பவர் இன்னும் கீழே இறங்குவார். பை இருக்கிறதா என்று கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தச் சுற்றின் மின்தடையை அளந்துதான் கண்டுகொள்கிறது. விபத்தில் வெடித்த பைக்குப் பதிலாக அதே மின்தடை தரும் ரெசிஸ்டர் என்ற அரிசி அளவுத் துண்டு ஒன்றை மாட்டிவிட்டால் பெட்டி ஏமாந்துவிடும், லைட்டும் ஒழுங்காக அணைந்துவிடும். இன்னும் சிலர் பல்பையே பிடுங்கிவிடுகிறார்கள். ஆகவே சாவியை ஆன் செய்ததும் லைட் சில விநாடி எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். எரிந்து அணைந்தாலும், விபத்தில் சிக்கிய வண்டி என்று சந்தேகம் வந்தால் பயிற்சி பெற்ற மெக்கானிக்கைக் கொண்டு ஸ்டியரிங் மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேலையில் மட்டும் நீங்கள் கை வைக்க வேண்டாம். உள்ளே இருப்பது வெடிபொருள்.

கேள்வி: என் பழைய எஸ்யூவிக்கு ஏர்பேக் ரீகால் கடிதம் வந்திருக்கிறது. லைட் ஒழுங்காகத்தான் அணைகிறது, வண்டியும் அதிகம் ஓடியதில்லை. போய்த்தான் ஆக வேண்டுமா?

பதில்: உடனே போங்கள். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் என்று கடிதத்தில் இருந்தால் இன்றைக்கே போன் செய்யுங்கள். "ஓட்ட வேண்டாம்" என்று எழுதியிருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அந்தக் கோளாறுக்கு லைட் எரியாது. பையை ஊதவைக்கும் மருந்தாக டகாட்டா அம்மோனியம் நைட்ரேட்டைப் போட்டிருந்தது. வருடக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் மாறி மாறிப் பட்டால் அது சிதைந்து, மோதும்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரியும். அப்போது மருந்தை அடைத்திருக்கும் உலோகக் குப்பி வெடித்து, பைக்குள்ளிருந்து தகடு தகடாக முகத்திலும் கழுத்திலும் பாயும். பிழைத்திருக்க வேண்டிய சின்ன மோதலில் ஆட்கள் இறந்தது இப்படித்தான். உலகம் முழுக்க சுமார் 10 கோடி குப்பிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2017இல் நிறுவனமே திவாலானது. வண்டி குறைவாக ஓடியது இங்கே கணக்கில் வராது. நின்ற இடத்திலேயே மருந்துக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

ரீகால் வேலைக்குக் காசு கேட்கக் கூடாது. வாரண்டி முடிந்திருந்தாலும் வண்டி நாலு கை மாறி உங்களிடம் வந்திருந்தாலும் அப்படித்தான். கடிதம் வரும் என்று காத்திருக்கவும் வேண்டாம், 17 இலக்கச் சேஸிஸ் எண்ணை நிறுவனத்திடம் கொடுத்து நீங்களே கேட்கலாம். உடைத்த வண்டியிலிருந்து பழைய ஏர்பேக் வாங்கிப் பொருத்தும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். அதே குப்பி உங்கள் மடிக்கே வந்து சேரலாம்.

கேள்வி: சரிவில் ஏறும்போது வண்டி புரண்டுவிட்டது. ஏர்பேக் ஒன்றுகூட விரியவில்லை. நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். ஆனால் விரியவில்லை என்பது மட்டுமே குறைக்கு ஆதாரமாகிவிடாது. முன்பக்கப் பைகள் நேர் மோதலுக்கானவை. மணிக்குச் சுமார் 16 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில் கெட்டியான சுவரில் மோதுவதற்குச் சமமான அடி விழுந்தால்தான் விரியும்படி அமைக்கிறார்கள். புரளும்போது உதவக்கூடியது ஜன்னலோரம் திரைபோல இறங்கும் பக்கவாட்டுப் பை. அதுவும் புரள்வதை உணரும் சென்சார் அந்த மாடலில் இருந்தால்தான். உங்கள் கையேட்டில் அது இருப்பதாகப் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

போட்டிருந்தால், இழப்பீட்டுப் பணம் வந்ததும் வண்டியை உடைக்கக் கொடுத்துவிடாதீர்கள். பல வண்டிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி விபத்துக்கு முந்தைய சில விநாடிகளின் வேகம், பிரேக், பெல்ட் நிலை ஆகியவற்றைப் பதிந்து வைத்திருக்கும். அது கைவிட்டுப் போனால் வழக்கில் பேச உங்களிடம் ஒன்றுமிராது. சாவி எந்த நிலையில் இருந்தது என்பதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் சிறிய கார்களில் கனமான சாவிக்கொத்தின் எடையிலோ குலுக்கலிலோ சாவி ஆன் நிலையிலிருந்து நழுவி, எஞ்சின் நின்று, ஏர்பேக்கும் செத்துப்போனது. 2014இல் அது வெளியே வந்த பிறகு, நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. சாலையில் ஓடிய கார்களுக்கே அந்தக் கதி என்றால், மேடு பள்ளத்தில் குதிக்கும் வண்டியின் சாவியில் கொத்தாக எதையும் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: பண்ணைக்கு இரண்டு பேர் உட்காரும் பக்கி வண்டி வாங்கப் போகிறேன். ஏர்பேக் உள்ளதாகப் பார்க்கவா?

பதில்: அந்த ரகத்தில் பொதுவாக ஏர்பேக் கிடையாது. கூண்டுக் கம்பியும் பெல்ட்டும் தலைக்கவசமும்தான் காவல். அங்கே தீப்பிடிப்பதைப் பற்றி விசாரியுங்கள். 2016இல் இதே ரகத்தைச் சேர்ந்த போலாரிஸ் நிறுவனத்தின் ஆர்இசட்ஆர் வண்டிகள் சுமார் 1,33,000 திரும்ப அழைக்கப்பட்டன. அதற்குள் 160க்கு மேற்பட்ட தீ விபத்துகள், 15 வயதுப் பயணி ஒருவரின் மரணம். குறையை உரிய நேரத்தில் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டில் 2018இல் அந்த நிறுவனம் 2 கோடியே 72.5 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. பழைய வண்டியாக எடுப்பதானால், ரீகால் வேலை முடிந்ததற்கான ஜாப் கார்டைக் கையில் வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்.