ழான்-பியர் பெர்னோ பிரான்சில் ஏன் அவ்வளவு கொண்டாடப்பட்டார்?

ஒரு மதியச் செய்தி வாசிப்பாளருக்கு அப்படி என்ன புகழ் என்பதுதான் கேள்வி. பெர்னோ வெறும் வாசிப்பாளர் இல்லை; அந்தச் செய்தியின் ஆசிரியரும் அவர்தான்.

1950இல் அமியான் நகரில் பிறந்தார். லீல் நகரின் இதழியல் பள்ளியில் படித்துவிட்டு 1975இல் டிஎஃப்1 தொலைக்காட்சியில் சேர்ந்தார். அந்த அலைவரிசை 1987இல் தனியார் கைக்குப் போனது. மறு வருடம் பிப்ரவரியில், இவ் முரூசி என்பவர் நடத்திவந்த மதியம் ஒரு மணிச் செய்தி பெர்னோவிடம் வந்தது.

முரூசியின் செய்தியில் பாரிஸ் பளபளப்பு அதிகம். பெர்னோ அதை அப்படியே திருப்பிப் போட்டார். மதியம் ஒரு மணிக்கு வீட்டில் சாப்பிட உட்காருபவர்களில் கிராமத்தாரும் முதியவர்களும் நிறையப் பேர் என்பதை அவர் புரிந்துவைத்திருந்தார். அதனால் வானிலை பல நாள் முதல் செய்தியாகவே வரும். பிறகு மூடப்படும் கிராமத்துத் தபால் நிலையம், பாலாடைக்கட்டி செய்பவரின் கை, வாரச் சந்தை. இதற்கெல்லாம் பாரிஸிலிருந்து ஆள் அனுப்பிக் கட்டுப்படியாகாது. மாகாண நாளிதழ்களோடு சேர்ந்து ஊரூராக இயங்கிய நிருபர் குழுக்கள்தான் அவருடைய உண்மையான பலம்.

வெளிநாட்டுச் செய்தி மெலிந்துபோகிறது, பழைய பிரான்சுக்கு ஏங்குகிறார் என்ற விமர்சனம் கடைசிவரை இருந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் தலைநகர ஊடகங்கள் எட்டிப்பார்க்காத ஊர்களைத் தினமும் திரையில் காட்டியவர் அவர். என் கணக்கில் அதுவே பெரிது.

1991இல் தொடங்கிய ‘கொம்பியான் சா கூத்’ (‘என்ன விலை?’) நிகழ்ச்சியில் பொதுப்பணம் வீணாவதையும் தோண்டினார். ஒரு மணிச் செய்தியிலிருந்து 2020 டிசம்பர் 18 அன்று விடைபெற்றார். 2022 மார்ச் 2இல் நுரையீரல் புற்றுநோயால் காலமானார்.