சோலைக்குள்ள பறவை எடுக்க எது நல்லது, லென்ஸ் ஸ்டெபிலைசேஷனா பாடி ஸ்டெபிலைசேஷனா?

கேள்வி: சார், கோத்தகிரி பக்கம் சோலைக்காட்டுல பறவை படம் எடுக்குறேன். என் 400 எம்எம் லென்ஸ்லயும் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்த ஈடு கட்டுற வசதி) இல்ல, கேமரா பாடிலயும் இல்ல. கடைல கேட்டா, பாடில இருந்தாலே எல்லா லென்ஸுக்கும் ஆகும், லென்ஸுக்குன்னு தனியா காசு போடாதீங்கன்றாங்க. சரியா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: பாதி சரிங்க. ஆனா நீங்க எடுக்குறது 400ல, அதனால உங்களுக்கு நான் லென்ஸத்தான் சொல்லுவேன். கை லேசா 0.1 டிகிரி சாஞ்சுதுன்னு வைங்க, 50 எம்எம்ல பிம்பம் சென்சார் (படத்த பதியுற சில்லு) மேல 0.09 மில்லிமீட்டர் நகரும், 400ல அதே சாய்வுக்கு 0.7 மில்லிமீட்டர், பாடி ஸ்டெபிலைசேஷன்னா சென்சாரே அவ்ளோ தூரம் ஓடி ஈடு கட்டணும், பாடிக்குள்ள அதுக்கு இடம் ரொம்ப கம்மி. லென்ஸ்ல அப்படி இல்ல, அந்த ஃபோகல் லெங்த்துக்குன்னே (50, 400ன்னு எம்எம்ல சொல்ற அளவு) கணக்கு போட்டு உள்ள சில கண்ணாடிகள நகர வெச்சிருப்பாங்க. கேனான் 1995லயே 75-300 லென்ஸ்ல இத கொண்டுவந்துட்டாங்க. உங்களோடது உள்ள முகம் பாக்குற மாதிரி கண்ணாடி (மிரர்) வெச்ச டிஎஸ்எல்ஆர்னா இன்னொரு லாபம், வியூஃபைண்டர்ல தெரியிற காட்சியும் ஆடாம நிக்கும், கிளைக்கு நடுவுல பறவைய தேடிப் புடிக்க இது பெரிய உதவி.

பாடிக்கும் பலம் இருக்கு. கேமரா சக்கரம் மாதிரி சுழல்ற ஆட்டத்த லென்ஸால சரி பண்ணவே முடியாது, சென்சார் சுழன்று சரி பண்ணிடும். பழைய மேனுவல் லென்ஸுக்கும் ஃபோகல் லெங்த்த மெனுல குடுத்தா வேலை செய்யும். கேத்தரின் அருவிய வைட் லென்ஸ்ல, கைலயே புடிச்சு, தண்ணி பஞ்சு மாதிரி வர எடுக்கணும்னா பாடிதான் ராஜா. ஒரே கம்பெனி பாடியும் லென்ஸும்னா, நிறைய புது மிரர்லெஸ்ல (அந்த மிரர் இல்லாத கேமரா) ரெண்டும் சேந்தே வேலை செய்யுது, பட்ஜெட் இருந்தா அதுக்கே போங்க.

ஆனா ஒண்ணு, இத எல்லாரும் மறந்துடுறாங்க. 400ல கைல எடுக்க ஷட்டர் 1/400 செகண்ட் வேணும்னா, 4 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஷட்டர் நேரம் ரெண்டு மடங்கு) ஸ்டெபிலைசேஷன்ல 1/25 போதும்னு கணக்கு வரும், அது உங்க கை ஆடுறதுக்கு மட்டும்தான். புதருக்குள்ள தத்திக்கிட்டே இருக்குற நீலகிரி சிரிப்பான் 1/25ல நிக்குமா? எந்த ஸ்டெபிலைசேஷனும் பறவைய நிறுத்தாது. மூடுபனி நேரத்துலயும் ஐஎஸ்ஓவ (வெளிச்சத்துக்கு கேமரா காட்டுற உணர்வு அளவு) தாராளமா ஏத்தி 1/500 பக்கம் வைங்க, கிரெயின் (புள்ளி புள்ளியா தெரியிறது) வந்தா வரட்டும், அத பின்னாடி கொறைக்கலாம், ஆடிப்போன படத்த ஒண்ணும் பண்ண முடியாது. பழைய ஸ்டெபிலைசேஷன் லென்ஸ் வாங்குனீங்கன்னா டிரைபாட்ல வெக்கும்போது ஸ்டெபிலைசேஷன் சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்க, சிலது அதுவே ஆட்டத்த உண்டாக்கிடும்.