ஸ்டேஷனுக்குப் போகும் 700 மீட்டர்: யாரிடம் பணம் கேட்பது?

கேள்வி: திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய பேரூராட்சி ஒன்றில் வசிக்கிறோம். பிரதமரின் வீட்டு வசதித் திட்ட உதவியுடன் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. ரயில் நிலையம் 700 மீட்டரில் இருக்கிறது என்று சொல்லித்தான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அந்த வழியில் நடைபாதையும் இல்லை, விளக்கும் இல்லை. ஐப்பசி மழையில் முழங்கால் அளவு தண்ணீர். முதல் ஷிப்டுக்குச் செல்லும் பெண்கள் தண்டவாளத்தின் ஓரமாகவே நடக்கிறார்கள். மூன்று அலுவலகங்களில் மனு கொடுத்தோம். மூன்றிலும் "இது எங்கள் வேலை இல்லை" என்கிறார்கள். எந்த நிதியில் கேட்க வேண்டும்?

பதில்: உங்களைத் திருப்பி அனுப்பிய மூன்று அலுவலகங்களும் ஏறக்குறைய உண்மையைத்தான் சொல்லியிருக்கின்றன, சிக்கலே அதுதான். நீங்கள் ஒரே தெருவாகப் பார்ப்பது அரசுப் பதிவேட்டில் ஒரே தெரு அல்ல. எந்தத் திட்டத்தில் பணம் இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், எந்தத் துண்டு யாருடையது என்று தேடுங்கள். சாலையின் உரிமையாளர் யாரோ, அவர் வழியாகத்தான் பணம் வரும்.

வீட்டுக்கு வந்த பணம் ஏன் தெருவுக்கு வரவில்லை என்பதையும் புரிந்துகொள்வது நல்லது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில், கூட்டு முயற்சியில் கட்டப்படும் குடியிருப்புகளுக்கு, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினரின் வீடு ஒன்றுக்கு 1.5 லட்சம் ரூபாய் மத்திய அரசு தந்தது. அது வீட்டுக்கான கணக்கு. வளாகத்துக்குள் இருக்கும் சாலையும் வடிகாலும் திட்ட மதிப்பீட்டில் சேரும். வாயிற்கதவுக்கு வெளியே அந்த மதிப்பீடு எட்டாது. மத்திய அரசு 2017-இல் வெளியிட்ட போக்குவரத்து சார்ந்த வளர்ச்சிக் கொள்கை, நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள பகுதியை நடந்து செல்லத்தக்கதாக அமைக்க வேண்டும் என்கிறது. உங்கள் 700 மீட்டர் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் கொள்கை என்பது கஜானா அல்ல. கலிஃபோர்னியாவில் 2014-இல் இயற்றிய ஒரு சட்டம், கார்பன் உமிழ்வு அனுமதி ஏலத்தில் (நிறுவனங்கள் கார்பன் வெளியிட அனுமதியை விலைக்கு வாங்கும் ஏலம்) கிடைக்கும் தொகையில் 20 சதவீதத்தை வீட்டையும் அதற்கான வழியையும் சேர்த்து அமைப்பதற்கென ஒதுக்கியது. அங்கே குறைந்த வாடகை வீட்டுக்கும், அதிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதைக்கும் ஒரே விண்ணப்பத்தில் பணம் கேட்கலாம். நம்மிடம் அப்படி ஒரே வாசல் கிடையாது. நான்கு வாசல் ஏற வேண்டும்.

ஆகவே முதல் வேலை புல வரைபடம். வருவாய்த் துறையின் இணையதளத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ உங்கள் வழித்தடத்தில் வரும் சர்வே எண்களின் புல வரைபடத்தையும் (நிலத்தின் எல்லையைக் காட்டும் படம்) 'அ' பதிவேட்டு நகலையும் (அது யாருடைய நிலம் என்று சொல்லும் பதிவு) பெறுங்கள். பேரூராட்சியின் சாலைப் பதிவேட்டில் எந்தெந்தத் துண்டு பதிவாகியிருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த மூன்று தாள்களையும் அருகருகே வைத்தால், பெரும்பாலும் நான்கு துண்டுகள் தெரியவரும்: குடியிருப்பைக் கட்டிய வாரியத்தின் பெயரிலேயே இருக்கும் அணுகுசாலை, பேரூராட்சித் தெரு, நெடுஞ்சாலைத் துறையின் மாவட்டச் சாலை, ரயில்வே நிலம்.

இவற்றில் பலரும் கவனிக்காமல் விடுவது முதல் துண்டைத்தான். தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமோ (2021 வரை குடிசை மாற்று வாரியம்) வேறு எந்த அமைப்போ போட்ட அணுகுசாலை, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்படாத வரை, அதில் ஒரு மின்கம்பம் நடவும் பேரூராட்சியின் செயல் அலுவலர் தயங்குவார். தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில், ஆண்டுக்கணக்கில் நின்றுபோன இத்தகைய வேலைகளில் பாதி, பணம் இல்லாமல் நின்றவை அல்ல. இந்த ஒரு பத்திரம் பதிவாகாமல் நின்றவை. எனவே வாரியத்தின் செயற்பொறியாளருக்கு எழுதும் மனுவில் சாலை கேட்காதீர்கள். சாலையை ஒப்படைக்கக் கேளுங்கள்.

பேரூராட்சித் துண்டுக்கு வழிகள் அதிகம். 2021-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் இத்தகைய பணிகளுக்கு இடம் தருகிறது. மத்திய நிதிக்குழு மானியத்தில் குடிநீர், துப்புரவு எனக் கட்டிப்போடப்பட்ட பங்கு போக, நிபந்தனையற்ற பங்கை மன்றம் தெருவுக்குச் செலவிடலாம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி; நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆனால் ஒரு தொகுதி முழுவதும் அதற்கு வரிசையில் நிற்கிறது என்பதால், அங்கே 700 மீட்டரையும் கேட்பதைவிட விளக்குகளை மட்டும் கேட்பது புத்திசாலித்தனம்.

உங்கள் ஊருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தரப்பு செலுத்தினால் மீதியை அரசு தரும். கூலி வாங்கும் குடும்பங்கள் அந்தப் பங்கை எங்கிருந்து கட்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். அந்தப் பங்கை நிறுவனங்களும் செலுத்தலாம். அதிகாலையில் தண்டவாள ஓரம் நடந்துவரும் பெண்கள் எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறார்களோ, அந்த நிர்வாகத்திடம் பேரூராட்சியின் மதிப்பீட்டு நகலோடு போய்ப் பேசுங்கள். சிப்காட் பக்கம் இது அபூர்வமான வேண்டுகோள் அல்ல. அந்தப் பெண்கள் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டி தொழில் நகரத்துக்குப் போகிறவர்களாக இருந்தால் நிர்வாகம் ஆந்திரத்தில் இருக்கும். பங்களிப்பு தர அது தடையல்ல, ஆனால் எல்லைக்கு அப்பால் உள்ள தெருவுக்குத் தமிழ்நாட்டுத் திட்டம் எதுவும் செல்லாது.

நெடுஞ்சாலைத் துறைத் துண்டுக்கு அத்துறையின் உதவிக் கோட்டப் பொறியாளரிடம் தனி மனு வேண்டும். பேரூராட்சித் தீர்மானம் அங்கே பரிந்துரை மட்டுமே. ரயில்வே நிலத்தில் மாநில அரசு நேரடியாக வேலை செய்ய முடியாது. பணத்தை ரயில்வேயிடம் வைப்பாகச் செலுத்தினால், வேலையை ரயில்வேயே செய்யும். உங்கள் நிலையம் ரயில் நிலையங்களை மேம்படுத்தும் அம்ரித் பாரத் திட்டப் பட்டியலில் இருந்தால் (கும்மிடிப்பூண்டியும் திருத்தணியும் இருக்கின்றன) நிலைய முன்வளாகமும் அணுகுவழியும் அந்தத் திட்டத்தின் நோக்கத்துக்குள் வரும் என்பதால், சென்னைக் கோட்ட மேலாளருக்கு உங்கள் பக்கத்து வாயிலைக் குறித்து எழுதலாம்.

மனுவோடு ஒரு குறுக்குவெட்டுப் படமும் (தெருவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எது எங்கே, எவ்வளவு அகலத்தில் வரும் என்று காட்டுவது) இணையுங்கள். கையால் வரைந்தாலும் போதும். இந்திய சாலைக் குழுமத்தின் ஐ.ஆர்.சி. 103 வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. விளிம்புக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. இதைக் குறிப்பிடாவிட்டால், வடிகால் மேல் மூடி போட்டு அதையே நடைபாதை என்று கணக்கு முடித்துவிடுவார்கள். அந்த மூடியின் நடுவே மின்கம்பமும் நிற்கும். வடிகால் முதலில், குழாய் அடுத்து, பேவர் பிளாக் கடைசியில் என்ற வரிசையையும் எழுதுங்கள். உங்கள் ஊர் மண்ணில் தண்ணீர் வடிய எங்கே வாட்டம் இருக்கிறது என்பது பொறியாளரைவிட அங்கே பத்து மழை பார்த்த உங்களுக்குத் தெரியும். வடிகால் எந்த ஏரிக்கோ கால்வாய்க்கோ போய்ச் சேர வேண்டும் என்று சொல்லாத மதிப்பீடு, தண்ணீரை அடுத்த தெருவுக்கு மாற்றுவதோடு நின்றுவிடும்.

குடியிருப்போர் நலச்சங்கத்தைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. பதிவு செய்யாவிட்டால் முதலில் அதை முடியுங்கள். நமக்கு நாமே திட்டத்துக்கு மனுவும் பங்களிப்பும் ஒரு பெயரில் போக வேண்டும். பிறகு உங்கள் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் கோரிக்கையைப் பதிவு செய்து, வார்டு உறுப்பினர் மூலம் மன்றத் தீர்மானமாக்குங்கள். அடுத்த நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைப் பேரூராட்சி தயாரிக்கத் தொடங்கும் முன், அதாவது பொங்கலுக்குள், தீர்மான எண் உங்கள் கையில் இருக்க வேண்டும்.